யாழ்ப்பாணத்தில் பழைய மைனர், ஏ-40 வைத்திருப்பவர்களுக்குச் சங்கம் எதற்கு?

"எங்கட பக்கம் இன்னும் ஓடுகிற மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கார்க்காரரைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினால், ஊர்வலம் போவதைத் தவிர வேறென்ன பிரயோசனம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கொட்டிலுக்குள்ளும் ஒரு மைனர் நிற்கிறது, சாமான் தேடி அலுத்துப்போய்த்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஊர்வலத்துக்கு என்றால் தொடங்காதீர்கள். இங்கிலாந்தில் 1939இல் கார் எழுத்தாளர் பில் பொடி தொடங்கிய 750 கிளப் என்ற கார்ச் சங்கத்தைப் பாருங்கோ. ஒஸ்ரின் செவன் என்ற 747 சிசி சின்னக் காரின் தயாரிப்பு நின்றதும் அதே வருடந்தான். பின்னாலேயே யுத்தம். 1942இல் தனியாருக்கான அடிப்படைப் பெற்றோல் பங்கீட்டையே நிறுத்திவிட்டார்கள். புதுக் காருமில்லை, எண்ணெயுமில்லை. மலிவான காரைக் கழற்றத் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்தான் அந்தக் கிளப் நிலைத்தது. பிறகு லோட்டஸ் கார் செய்த கொலின் சாப்மனும் ஒரு பழைய ஒஸ்ரின் செவனில்தான் தொடங்கினார். மொரிஸ் மைனர் சொந்தக்காரரின் கிளப் 1976இல் வந்தது, கார் உற்பத்தி முடிந்து ஐந்து வருடம் கழித்து.

எங்களிடம் அதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது, எழுதி வைக்கத்தான் ஆளில்லை. 1990க்குப் பிறகு இங்கத்தைய யுத்தத்தில் வந்த பெற்றோல் தடைக்குள் இந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியதைச் சிலர் இப்போது பகிடியாக "மண்ணெண்ணெய்க் கார்" என்கிறார்கள். சொல்லட்டும். காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது விளையாட்டல்ல. ஒஸ்ரின் ஏ-40 சொமர்செற் அதைத் தாங்கியதற்கு அதன் அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற கணக்கு) 7.2 ஆக இருந்ததும் ஒரு காரணம். 948 சிசி மைனருக்கு அது பெரும்பாலும் 8.3. அதனால்தான் மைனர் மண்ணெண்ணெயில் கூடுதலாகத் தட்டும், அதாவது கலவை ஒழுங்கில்லாமல் வெடித்து எஞ்சினுக்குள் சத்தம் போடும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் அளக்கும் டிப்ஸ்ரிக்கில் ஒயில் குறையாமல் கூடிக்கொண்டு போனால், மணந்து பாருங்கள். அந்த ஒயிலோடு ஓடினால் பெயாரிங் போகும். நான் யாரையும் மண்ணெண்ணெயில் ஓட்டச் சொல்லவில்லை, இதற்காகச் சண்டைக்கு வரவேண்டாம்.

சங்கத்தின் முதல் வேலை ஒரு கொப்பி. ஒவ்வொரு காரின் எஞ்சின் இலக்கத்தையும் முன்னெழுத்தோடு எழுதுங்கள். மைனரில் 9எம் என்றால் 948 சிசி, 10எம்ஏ என்றால் 1098. இதைப் பார்க்காமல் கொழும்பிலிருந்து சாமான் எடுப்பித்துத்தான் அரைவாசிக் காசு வீணாகிறது. 948க்குக் கிளச் தட்டு 6¼ அங்குலம், 1098க்கு 7¼. முன் பிறேக் ட்ரம் முந்தியதற்கு 7 அங்குலம், பிந்தியதற்கு 8. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு காரும் ஒன்றுபோலத்தான் தெரியும். எஞ்சின் மாற்றிப் போட்ட காரென்றால் இலக்கத்தையும் நம்பாமல் ட்ரம்மை அளந்துதான் எழுத வேண்டும்.

அடுத்தது பொதுக் கருவிப் பெட்டி. மில்லிமீற்றர் ஸ்பனரால் மைனரின் ஏ-சீரிஸ் எஞ்சினைத் தொடவேண்டாம். ½ அங்குல நட்டு 12.7 மிமீ. 13ஐப் போட்டு இழுத்தால் மூலை வழுக்கி உருண்டுவிடும். அங்குல ஸ்பனர் ஒரு செற், இடைவெளி அளக்கும் பீலர் கேஜ், கிறீஸ் அடிக்கும் கன் இருந்தால் தொடங்கலாம். வால்வு இடைவெளி 0.012 அங்குலம், பொயின்ற் 0.015, பிளக் 0.025. சிலிண்டர்களுக்குத் தீப்பொறி போகும் வரிசை 1-3-4-2.

கிறீஸ் கன் ஏன் என்றால், மைனரின் முன் சில்லைத் தாங்குகிற ட்ரனியனுக்காக. சில்லில் பாரம் இல்லாதபடி ஜாக்கில் உயர்த்தி, ஆயிரம் மைலுக்கு ஒருக்கால் பழைய கிறீஸ் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். விட்டால் கீழ்ப் புரி தேய்ந்து கழரும், சில்லு மட்கார்ட்டுக்குள் மடியும். இது வீட்டு வாசலில் நடந்தால் அதிர்ஷ்டம், ஏ9 பெருந்தெருவில் நடந்தால் இல்லை.

துருவுக்கு வருவோம். மைனருக்குத் தனிச் சேசி (அடிச்சட்டம்) கிடையாது, தகடுதான் எலும்பு. முன் இருக்கைக்குக் கீழுள்ள குறுக்குச் சட்டத்தையும் பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தையும் ஸ்குறூட்றைவரால் குத்திப் பார்க்காமல் யாரும் வாங்கக்கூடாது. கடற்கரைக் காரென்றால் இரண்டு தரம் குத்துங்கள். பட்டி பூசிப் பெயின்ற் அடித்துத் தருகிறவர்களுக்கு இது பிடிக்காது. இதற்குள் கலியாணப் படமெடுக்கிறவர்கள் வேறு. பொனற்றில் பொம்பிளை மாப்பிள்ளையை ஏற்றி, குரோமியத்தில் ரேப் ஒட்டிப் பூச்சோடு உரித்துக்கொண்டு போவார்கள். வாடகை தந்தால் எல்லாம் சரியென்று நினைப்பு!

இன்னொரு எரிச்சல். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மைனர் நிலையத்துக்காரர் சாள்ஸ் வெயர் கூட்டுச் சேர்ந்து, இந்தத் தீவின் தெற்கில் மைனருக்குத் தகடு அடிப்பித்தார். இங்கே அடித்த தகடு இங்கிலாந்துக்குப் போனது. தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்துக்கு வரவில்லை.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு. ரேடியேற்றருக்கு அதை விடவே கூடாது, மழைத் தண்ணீரோ பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணீரோ மட்டும். எஞ்சின் பக்கத்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்தும் வராவிட்டால் சுண்ணாம்பு அடைத்திருக்கிறது, கம்பியால் குத்துங்கள்.

கடைசியாக, புது உறுப்பினருக்கு முதல் நாளே சொல்லவேண்டியது: இந்தக் கார்களில் பற்றரியின் நேர் முனைதான் காரின் உடல் தகட்டில் எர்த். தெரியாமல் புது ரேடியோவோ ஒல்ரனேற்றரோ மாட்டினால் உடனே கருகும். எதிர் எர்த்துக்கு மாற்றுவதானால் பற்றரியைத் திருப்புவதோடு, கொயிலின் இரண்டு வயரையும் மாற்றிப் போடவேண்டும். பிறகு டைனமோவில் எஃப் (F) என்று குறித்த முனையிலுள்ள வயரைக் கழற்றி, பற்றரியின் உயிர் வயரால் அந்த முனையில் ஒரு கணம் தொட்டெடுக்க வேண்டும். இதை விட்டால் டைனமோ பழைய பக்கத்துக்கே சார்ஜ் கொடுத்து, கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சுட்டுவிடும்.