அது காசு புரண்ட காலத்தின் பாட்டு அல்ல

கேள்வி: யூடியூபில் எண்பதுகளின் ஜப்பானிய 'சிட்டி பாப்' பாட்டுகளை விரும்பிக் கேட்கிறேன். ஐம்பதைத் தாண்டிய ஜப்பானிய ஆண்கள் கரோக்கே அறைகளில் கூடி, இளமையில் கேட்ட பாப், ராக் பாட்டுகளைப் பாடித் தீர்க்கிறார்களாம். கையில் காசு புரண்ட காலத்தை நினைத்து உருகுவதைத் தவிர இதில் வேறென்ன இருக்கிறது? மெட்டும் அமெரிக்காவிடம் இரவல் வாங்கியதுதானே?
— வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் கேட்கும் பாட்டுகள் வேறு, அவர்கள் தொண்டை கட்டப் பாடும் பாட்டுகள் பெரும்பாலும் வேறு. தகேவுச்சி மரியாவின் 'பிளாஸ்டிக் லவ்' 1984-ல் வந்தது. நல்ல பாட்டுதான், ஆனால் அன்று ஜப்பானில் அது பெரிதாக ஓடவில்லை. உலகம் முழுக்க அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது முப்பது வருடத்துக்கு மேல் கழித்து யூடியூப். அதை வைத்து ஒரு தலைமுறையின் மனசை அளக்கக் கூடாது.

காசு புரண்டது யார் கையில் என்றும் பார்க்க வேண்டும். 1970-ல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1989 டிசம்பர் 29 அன்று டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 38,915 புள்ளிகள் என்ற உச்சத்தில் முடிந்தபோது அவருக்கு வயது 19. அவர் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்த 1993 வாக்கில் நிறுவனங்கள் ஆள் எடுப்பதைச் சுருக்க ஆரம்பித்துவிட்டன. குறியீடு அந்தப் பழைய உயரத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். அதற்குள் அவருடைய பணிக்காலத்தில் பெரும்பகுதி கழிந்துவிட்டது. அனுபவிக்காத செழிப்பை நினைத்து அவர் எப்படி உருகுவார்?

அவர் பாடுவது பாடகர் ஒசாகி யுதாகாவின் பாட்டுகளை. 1983 டிசம்பரில் ஒசாகியின் முதல் இசைத்தட்டு வந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது அப்போதுதான் நிரம்பியிருந்தது. மேல்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்காமல் விட்ட பையன். அன்றைய ஜப்பானியப் பள்ளிகள் எப்படி இருந்தன என்று தெரிந்தால்தான் அவர் பாட்டு புரியும். பெண் பிள்ளைகளின் பாவாடை நீளத்துக்கு அளவு, ஆண் பிள்ளைகளின் முடிக்கு அளவு; பல ஊர்களின் நடுநிலைப் பள்ளிகளில் பையன்கள் ஒட்ட வெட்டிக்கொண்டுதான் வர வேண்டும். இந்தச் சூழலில்தான் 1985 ஜனவரியில் ஒசாகியின் 'சொத்சுக்யோ' வந்தது. பள்ளியை முடித்து வெளியேறும் பையனின் பாட்டு. இரவில் பள்ளிக்கூடத்துச் சன்னல் கண்ணாடிகளை உடைத்துத் திரிந்த இடத்தைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் கடைசிப் பகுதி. இந்தக் கட்டு அவிழ்ந்தால் அடுத்து எது வந்து கட்டும் என்று அந்தப் பையன் வாசலில் நின்றே கேட்டுவிடுகிறான். பள்ளியை விட்டு வெளியேறினால் மட்டும் போதாது, தன்னையே இன்னும் எத்தனை தடவை விட்டு வெளியேறினால் உண்மையான தன்னிடம் போய்ச் சேரலாம் என்கிறான்.

பதினைந்து வயதில் இதைப் பாடியவனுக்கு அது கோபம். ஐம்பத்தைந்தில் கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டுப் பாடுகிறவருக்கு அடுத்து வந்து கட்டியது எது என்று தெரியும்: வீட்டுக் கடன், பதவி உயர்வு, ஊர் விட்டு ஊர் மாற்றம், பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு திரும்பும் கடைசி ரயில். அதே கேள்வியை இப்போது விவரம் தெரிந்து கேட்கிறார். இதை ஏக்கம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியாது. ஒசாகி 1992 ஏப்ரலில் 26 வயதில் இறந்தார். டோக்கியோவின் கோகோகுஜி கோயிலில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஏறத்தாழ 40,000 பேர் வந்தார்கள்.

பள்ளி வயதிலேயே கரோக்கேயில் சொந்த வாயால் பாடிப் பழகிய முதல் தலைமுறையும் இவர்கள்தான். கரோக்கே இயந்திரம் 1970-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனால் அது இருந்தது பெரியவர்கள் குடிக்கப் போகும் மதுக்கடைகளில். 1985-ல் ஒகாயாமா பகுதியில் பழைய சரக்குப் பெட்டகம் ஒன்றைப் பாட்டு அறையாக மாற்றினார்கள். அது ஊர் ஊராகப் பரவியதும் பள்ளிப் பிள்ளைகளும் மணிக்கணக்கு வாடகைக்கு அறை எடுத்துப் பாடலாம் என்றாயிற்று. டெலிபோன் டைரக்டரி மாதிரி தடித்த பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி, எண்ணைப் பார்த்து ரிமோட்டில் அழுத்தினால் திரையில் வரிகள் நிறம் மாறிக்கொண்டே வரும். அப்படி மனப்பாடம் ஆன வரிகள் இவை.

இனி இரவல் மெட்டு. இமாவானோ கியோஷிரோவின் 'ஆர்.சி. சக்ஸஷன்' குழு 1988-ல் 'கவர்ஸ்' என்று ஒரு தொகுப்புச் செய்தது. பெயரே சொல்கிறபடி எல்லாம் அயல்நாட்டு மெட்டுகள். ஒளிவு மறைவே இல்லை. எல்விஸ் பாடிய 'லவ் மீ டெண்டர்' மெட்டிலும், எடி காக்ரனின் 'சம்மர்டைம் ப்ளூஸ்' மெட்டிலும் அணு உலைகளுக்கு எதிராக ஜப்பானிய வரிகளை எழுதிப் பாடினார். செர்னோபில் வெடித்து இரண்டே வருடம். இசைத்தட்டு நிறுவனம் தோஷிபா ஈ.எம்.ஐ. அதன் தாய் நிறுவனமான தோஷிபாவோ அணு உலை கட்டுகிற நிறுவனம். தொகுப்பு மிகவும் அற்புதமாக இருப்பதால் வெளியிட முடியவில்லை என்று நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். ஆகஸ்ட் 15 அன்று வேறொரு நிறுவனம் அதை வெளியிட்டது. 2009-ல் கியோஷிரோ புற்றுநோயில் இறந்தார். 2011-ல் ஃபுகுஷிமா அணு உலைக் கட்டடங்கள் வெடித்தபோது ஜப்பான் அந்தப் பாட்டுகளை மறுபடி தேடி எடுத்துக் கேட்டது. மெட்டு யாருடையது என்ற கேள்விக்கு இங்கே என்ன மதிப்பு?

ராக் இசையை ஜப்பானிய மொழியில் பாட முடியுமா, ஆங்கிலத்தில்தான் பாட வேண்டுமா என்று 1970 வாக்கில் அங்கே இசைக்காரர்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. முடியும் என்று பாடிக் காட்டியவர்கள் 'ஹேப்பி எண்ட்' குழுவின் நான்கு பேர். எதிர்ப்பக்கம் நின்றவர் ராக் பாடகர் உச்சிதா யூயா. அந்த நால்வரின் 1971-ஆம் வருடத் தொகுப்புக்குப் பிறகு வாதம் தானாகவே வலுவிழந்தது. சதர்ன் ஆல் ஸ்டார்ஸ் குழுவின் குவாதா கெய்சுகே 1979-ல் எழுதிய ஒரு காதல் பாட்டை, பத்து வருடம் கழித்து ரே சார்ல்ஸே ஆங்கிலத்தில் பாடினார். இரவலை எந்தப் பக்கக் கணக்கில் எழுதுவீர்கள்?

சிட்டி பாப் பட்டியலில் நீங்கள் கட்டாயம் கேட்டிருக்கக்கூடிய ஒரு தொகுப்பு உண்டு. ஹேப்பி எண்டின் நால்வரில் ஒருவரான ஓதாகி எய்ச்சியின் 'எ லாங் வெக்கேஷன்', 1981 மார்ச். அட்டையில் நாகாய் ஹிரோஷி வரைந்த நீலவானமும் நீச்சல் குளமும். செழிப்பின் அடையாளம் என்று இன்று எல்லோரும் பகிர்கிற படம் அதுதான். அது 1980-லேயே வந்திருக்க வேண்டிய தொகுப்பு. பாட்டு எழுத வேண்டிய மட்சுமோதோ தகாஷியின் தங்கை இறந்துபோனார். தெருவில் நடந்தால் ஊரே நிறமிழந்து தெரிந்த நிலையில், வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் மட்சுமோதோ. ஓதாகி மறுத்துவிட்டு, தொகுப்பைத் தள்ளிவைத்துக் காத்திருந்தார். முதல் பாட்டில் நினைவுகளுக்கு நிறம் கொடு என்று கேட்பது அந்த அண்ணன்தான். துள்ளும் தாளத்தோடு இருக்கிறது என்பதற்காக அதைக் கொண்டாட்டப் பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் சந்தேகத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பழைய பாட்டுகளையே திரும்பத் திரும்பத் தொகுத்து, புது அட்டை போட்டு, ஐம்பது வயதுக்காரரின் பணப்பையைக் குறிவைக்கும் வியாபாரம் அங்கேயும் உண்டு. 'நடுவயது ஆண்களுக்கான பாட்டுகள்' என்று விற்கும் பட்டியல்களில் எனக்குள்ள கோபம் வேறு. பெண்கள் பாடியவற்றை ஓரங்கட்டிவிடுகிறார்கள். அந்த ஆண்களை உள்ளபடி பாடியது ஒரு பெண், நகாஜிமா மியுகி. முகம் தெரியாத பொறியாளர்களையும் தொழிலாளிகளையும் பற்றி ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.ஹெச்.கே. எடுத்த ஆவணத் தொடருக்காக 2000-ல் அவர் 'சிஜோ நோ ஹோஷி' பாடினார். 2002-ன் கடைசி இரவில், டொயாமா மலைகளுக்குள் இருக்கும் குரோபே நீர்மின் நிலையத்தின் சுரங்கப்பாதையில் நின்று நேரலையில் அதைப் பாடினார். அந்த அணை வேலையில் 171 பேர் உயிர் விட்டிருக்கிறார்கள். வெளிவந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்த பாட்டு, அடுத்த மாதமே விற்பனையில் முதலிடத்துக்கு வந்தது.

அடுத்து கேட்க உட்காரும்போது இங்கிருந்து தொடங்குங்கள். வரிகளின் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நகாஜிமா, அதன் பிறகு ஒசாகி. ஓதாகியின் அந்தத் தொகுப்பை மறுபடி ஒருமுறை, இந்தத் தடவை அட்டையைப் பார்க்காமல் கேளுங்கள்.