ஊசி குத்தாமல் பல்ஸ் ஆக்சிமீட்டர் எப்படி அளக்கிறது?

ரத்தத்தின் சிவப்பு நிறப்பொருளான ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்று ஒளியால் கணிக்கும் கருவி இது. விரலின் ஒரு பக்கம் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியும் மாறி மாறி மின்னும். மறுபக்கத்து உணரி கடந்து வருவதை அளக்கும். ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பை விட்டுவிடும், இறங்கியது விழுங்கும். டார்ச்சை விரலால் மூடினால் சிவப்பாகத் தெரிகிறதே, அப்படிக் கடந்து வரும் ஒளிதான்.

தோலும் எலும்பும்கூடத் தடுக்குமே? தடுக்கும், ஆனால் மாறாமல். நாடியோடு மாறுவது தமனி ரத்தம் மட்டுமே. அந்தத் துடிப்பை மட்டும் பிரித்தெடுக்கலாம் என்று 1970களில் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி. எவ்வளவு அழகான யோசனை!

விரல் சில்லிட்டாலோ ஆடினாலோ நகப்பூச்சு இருந்தாலோ அளவு தவறும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைக்கும்வரை அசையாதீர்கள்.

98 காட்டினால் ரத்தசோகை இல்லை என்று பொருளல்ல. கருவி காண்பது சதவீதத்தை, ஹீமோகுளோபினின் அளவை அல்ல.