கிறிஸ்துமஸ் செலவும் வீட்டுக் கணக்கும்: நெல்லைச் சீமைக் கேள்விகள், அண்ணாச்சியின் பதில்கள்

கார்த்திகை, மார்கழி மழையில் கொத்து வேலை, செங்கல் சூளை, உப்பளம் எல்லாம் படுத்துவிடும். பனைக்கும் அது பருவம் இல்லை. பிசான நெல் வயலில் நிற்கும். அறுத்துக் காசாக்க மாசி, பங்குனி ஆகிவிடும். ஆக, வரவு வற்றிக் கிடக்கிற நேரத்தில்தான் நம் பக்கம் கிறிஸ்துமஸ் வருகிறது. உங்கள் வீட்டில் முடை என்றால் அது உங்கள் கெட்டிக்காரத்தனக் குறைவு இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு பதில்களைப் படியுங்கள்.

முக்கூடலில் இருந்து: அண்ணாச்சி, நான் பீடி சுத்துதேன், வாரம் 900 ரூவா வரும். வீட்டுக்காரர் கொத்தனார். மழையால வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வேலை, நாளுக்கு 900. மூணு பிள்ளைய. மைக்ரோ பைனான்ஸ் கடன் வாரம் 650 கட்டணும். உரிமைத்தொகை 1,000 வருது. இதுல பண்டிகைய எப்படி ஒப்பேத்த?

பதில்: தங்கச்சி, முதலில் 25ஆம் தேதி வரைக்கும் மட்டும் கணக்குப் போடுவதை விடுங்கள். டிசம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை, ஒன்பது வாரத்துக்குப் போடுங்கள். கிறிஸ்துமஸுக்கு இழுத்த காசின் வலி ஜனவரியில்தான் தெரியும், பொங்கலும் அப்போதுதான்.

வரவு: பீடி 8,100, கொத்து வேலை 16,200, உரிமைத்தொகை இரண்டு மாதம் 2,000. மொத்தம் 26,300. செலவு: மளிகை, பால், காய் வாரம் 1,500 என்றால் 13,500. கடன் தவணை 5,850. சிலிண்டர் ஒன்று 900. பள்ளி வேன் மாதம் 600 வீதம் 1,200. மொத்தம் 21,450. மிச்சம் 4,850. அதில் 1,000 காய்ச்சல் காசு, தொடக்கூடாது. இந்த மழையில் பிள்ளைகளில் ஒன்றாவது படுக்கும். மீதி 3,850. பிள்ளைகள் மூவருக்கும் துணி 2,000, பலகாரம் 700, கறி 500, கோயில் காணிக்கையும் சபைச் சங்கச் சந்தாவும் 300, பொங்கலுக்கு 350. சரியாகப் போய்விட்டது.

ஆனால் தாளில் சரியாக வருவது கையில் வராது. 24ஆம் தேதி ராத்திரிக்குள் உங்களுக்குக் கிடைப்பது மூன்று வாரச் சம்பளம்தான். வாரச் செலவும் தவணையும் போக வாரம் 550 நிற்கும்; மூன்று வாரத்துக்கு 1,650. 15ஆம் தேதி வரும் உரிமைத்தொகையைக் கூட்டி, வேன் காசைக் கழித்தால் 2,050. ஆனால் பண்டிகைக்கு முன்னால் தேவைப்படுவது 3,500. இடையில் 1,450 துண்டு விழுகிறது. பெரும்பாலான வீடுகள் தண்டல்காரரை (நாள்தோறும் வசூலிக்கும் வட்டிக்காரரை) தேடுவது இந்தத் துண்டுக்காகத்தான்.

உங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவின் சேமிப்பில் இருந்து 1,450 மட்டும் கேளுங்கள். மாதம் நூற்றுக்கு 2 வட்டி என்றாலும் 29 ரூபாய்தான். ஜனவரியில் காய்ச்சல் காசும் பொங்கலும் போக உங்களுக்கு மிஞ்சுவதும் அதே 1,450 என்பதால் அசல் அதில் அடைந்துவிடும், வட்டியை மட்டும் மளிகையில் மிச்சம் பிடியுங்கள். “வந்ததே வந்தோம், ஐயாயிரமா வாங்கிருவோம்” என்று மட்டும் நினைக்காதீர்கள். கடன் எடுக்க மனமில்லையென்றால் இளையவனுக்கு கிறிஸ்துமஸுக்கும் மற்ற இருவருக்கும் புத்தாண்டு ஆராதனைக்கும் துணி எடுங்கள். பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

நூறு நாள் வேலைச் சம்பள பாக்கி, ரேஷன் கடைப் பொங்கல் தொகுப்பு இரண்டையும் வரவில் எழுதாதீர்கள். கைக்கு வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.

பாளையங்கோட்டையில் இருந்து: ஸ்டார் தொங்கவிட்டா கரண்டு பில் ஏறும்னு மாமியார் வேண்டாங்காங்க. நெசமா?

பதில்: பல்பைப் பொறுத்தது. 60 வாட் குண்டு பல்பு ராத்திரி 12 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 21.6 யூனிட். 5 வாட் எல்இடி என்றால் 1.8 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 90 யூனிட்டில் நிற்கிற வீட்டை அந்தக் குண்டு பல்பு தாண்ட வைத்துவிடும். போன வருட ஸ்டாரில் கிழிசலை மட்டும் ஒட்டி, எல்இடி பல்பு மாட்டுங்கள். மழைச்சாரல் படாமல் ஹோல்டருக்கு மேல் பிளாஸ்டிக் கட்டுங்கள். ஒட்டுப்போட்ட வயரில் ஈரம் இறங்கினால் பில்லைவிடப் பெரிய ஆபத்து.

உவரியில் இருந்து: கடலுக்குப் போக முடியல அண்ணாச்சி. தண்டல்காரர் 10,000 தாரேங்காரு. 1,500 பிடிச்சுக்கிட்டு 8,500 கையில, நாளைக்கு 100 வீதம் 100 நாள். 1,500தானே வட்டின்னு வீட்டுல சொல்லுதாங்க. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் தம்பி. முழு 8,500 உங்களிடம் 100 நாளும் இருக்கப்போவதில்லை. மறுநாளே கட்ட ஆரம்பிக்கிறீர்கள். சராசரியாகப் பார்த்தால் பாதிக் காசுதான் உங்கள் கையில் இருக்கும். ஆனால் வட்டி முழுத் தொகைக்கும் முதல் நாளே போய்விட்டது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு நூற்றுக்கு 120 போல வருகிறது. கடலுக்குப் போகாத நாளிலும் 100 ரூபாய் கொடுத்தாக வேண்டும். ஒரு வாரம் தவறினால் அதை அடைக்க இன்னொரு தண்டல். சிக்குவது அங்கேதான்.

வீட்டில் ஒரு கம்மலோ மோதிரமோ இருந்தால் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கியிலோ நகைக்கடன் வையுங்கள். ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் 8,500க்கு 100 நாள் வட்டி சுமார் 280 ரூபாய். ரசீதில் மொத்த எடை, கல் நீக்கிய எடை, திருப்ப வேண்டிய தேதி மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். அந்தத் தேதியைக் காலண்டரில் எழுதிவையுங்கள். திருப்ப முடியாவிட்டால் வட்டியை மட்டுமாவது கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று தேதிக்கு முன்பே போய்க் கேட்க வேண்டும். ஏல நோட்டீசு வந்த பிறகு ஓடுவதில் பயன் குறைவு.

வேறு வழியே இல்லாமல் தனியாரிடம் வாங்க நேர்ந்தால், எழுதாத புரோநோட்டு, தொகை போடாத காசோலை, ஏடிஎம் அட்டை, ரேஷன் அட்டை, இவற்றில் எதையும் கொடுக்கக் கூடாது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் எல்லாம் அதில் பெயர் சொல்லியே தடை செய்யப்பட்டவை. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்திலும், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் எழுத்தில் மனுக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஆலங்குளத்தில் இருந்து: மைக்ரோ பைனான்ஸ் ஆளு ராத்திரி எட்டு மணிக்கு வாசல்ல வந்து நிக்காரு. பக்கத்து வீட்டுல எல்லாம் கேக்குது. செத்துரலாம் போல வருது.

பதில்: அம்மா, கடைசியாகச் சொன்னதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்த நினைப்பு வந்தால் அன்று ராத்திரி தனியாக இருக்காதீர்கள். கூடப்பிறந்தவர்களோ மதினியோ, யாரையாவது பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் பேசலாம். கடன் எவ்வளவு ஆனாலும் அதைத் தவணை போட்டு அடைக்க வழி உண்டு. உங்கள் உயிர்தான் எங்களுக்குப் பெரிது.

இனி கடன். ரிசர்வ் வங்கி விதிப்படி நுண்கடன் (மைக்ரோ பைனான்ஸ் கடன்) வாங்கியவரைக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. மிரட்டுவது, ஏசுவது, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்வது எல்லாம் விதிமீறல். வருபவரின் அடையாள அட்டையைக் கேளுங்கள். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் நுண்கடன் தவணை அட்டையில் இருக்கும் குறைதீர் எண்ணில் முதலில் புகார் பதியுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். வழி கேட்க 14448. கட்டவே முடியாத வாரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்காதீர்கள். தவணைக்கு இரண்டு நாள் முன்பே கிளைக்குப் போய் “இந்த வாரம் 300தான் முடியும், மீதியைத் தை மாதத்தில் கட்டுகிறேன்” என்று எழுதிக் கொடுத்து, கட்டியதற்கு ரசீது வாங்குங்கள்.

நாசரேத்தில் இருந்து: மகளுக்கு இது தலைக் கிறிஸ்துமஸ். மாப்பிள்ளைக்கு அரைப் பவுன் மோதிரம் போடணும்னு வீட்டுல ஒரே பிடியா நிக்காங்க. கல்யாணக் கடனே முடியல.

பதில்: ஐயா, சம்பந்தி வீட்டில் கேட்டார்களா, நாமே நினைத்துக்கொள்கிறோமா? பல வீடுகளில் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். டிசம்பர் 10க்குள் நீங்களே சம்பந்தகாரரிடம் பேசுங்கள். “பிள்ளைகள் ரெண்டு பேருக்கும் துணி எடுத்து, விருந்து வைத்து அனுப்புகிறோம், மோதிரம் அடுத்த வருடம் பார்ப்போம்” என்று நேராகச் சொல்லலாம். 24ஆம் தேதி மாப்பிள்ளை வந்து இறங்கிய பிறகு தெரிய வந்தால்தான் மனத்தாங்கல்.

போட்டே தீர வேண்டும் என்றால் 2 கிராமில் முடியுங்கள். பவுன் 8 கிராம், அரைப் பவுன் 4 கிராம். அன்றைய விலையை நாலால் பெருக்குவதோடு கணக்கு முடியாது. சேதாரம், செய்கூலி, அதற்கு மேல் 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் ஏறும். கல் வைத்த மோதிரம் வேண்டாம். கல்லுக்குக் கொடுத்த காசு அடகிலும் வராது, மாற்றும்போதும் வராது. ஹால்மார்க் முத்திரையோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி (அந்த நகைக்கே உரிய அடையாளக் குறியீடு) இருக்க வேண்டும். உங்கள் வீட்டம்மா நகையை அடகு வைத்து மாப்பிள்ளைக்கு நகை வாங்குவது மட்டும் கூடவே கூடாது. ஒரு மோதிரத்துக்கு விலையும் கொடுத்து மாதாமாதம் வட்டியும் கட்டுவதாக ஆகிவிடும்.

இடையன்குடியில் இருந்து: தீவாளிக்கும் பொங்கலுக்கும் பக்கத்து வீடுகள்ல இருந்து தட்டு வருது. பன்னெண்டு வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கணும். கடையில வாங்கினா கட்டுபடியாகாது. என்ன செய்ய?

பதில்: முந்திரிக்கொத்து ஒன்றே போதும். பாசிப்பயறு 1 கிலோ, கருப்பட்டி அல்லது வெல்லம் முக்கால் கிலோ, தேங்காய் ஒன்று, எள் 100 கிராம், ஏலக்காயும் சுக்கும் கொஞ்சம். மேல்மாவுக்குப் பச்சரிசி மாவு கால் கிலோ, மஞ்சள்தூள், உப்பு. எலுமிச்சை அளவில் சுமார் 60 வரும். வீட்டுக்கு நான்கு வீதம் 48, மீதி உங்கள் பிள்ளைகளுக்கு.

பயறு வாசனை வரும்வரை வறுபட வேண்டும். நிறம் கருத்தால் கசக்கும். தேங்காய்த் துருவலைச் சிவக்க, ஈரம் துளிகூட இல்லாமல் வறுங்கள். ஈரம் நின்றால் நாலாம் நாளே சிக்கு வாடை அடிக்கும். பாகு கையில் பிசுபிசுவென்று ஒட்டும் பதத்தில் இறக்கி, திரித்த பயறு, தேங்காய், எள்ளோடு பிசைந்து, சூட்டோடு உருட்டி, ஒரு ராத்திரி ஆறவிட்டு மறுநாள் சுடுங்கள். அன்றே சுட்டால் எண்ணெயில் உதிர்ந்து எண்ணெயும் பாழ். மேல்மாவு தோசைமாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும். நீர்த்தால் எண்ணெய் குடிக்கும். சின்னச் சட்டியில் நாலு நாலாகப் போட்டால் முக்கால் லிட்டர் எண்ணெயில் வேலை முடியும். 20ஆம் தேதிக்குப் பிறகு சுட்டால் புத்தாண்டு வரை தாங்கும்.

கேரல் பாட வருகிறவர்களுக்கும் கேக் வெட்ட வேண்டியதில்லை. 25 பேருக்கு 3 லிட்டர் தண்ணீர், 350 கிராம் கருப்பட்டி, 25 கிராம் தட்டிய சுக்கு, ஒரு கைப்பிடி மல்லி, சுக்குக்காபி தயார். அந்தக் குளிருக்கு அதைத்தான் விரும்பிக் குடிப்பார்கள்.

மெஞ்ஞானபுரத்தில் இருந்து: சங்கம், காணிக்கை, கேரல் கவர் எல்லாம் சேர்ந்து வருது. கொடுக்க முடியலன்னா கோயிலுக்குப் போகவே கூச்சமா இருக்கு.

பதில்: கூச்சப்பட ஒன்றுமில்லை. சங்க பாக்கியை ஜனவரிக்குத் தள்ள உபதேசியாரிடமோ ஐயரிடமோ (சபைப் போதகரிடமோ) தனியாகச் சொல்லிவிடுங்கள். கவரில் பத்து ரூபாய் வைத்தாலும் அது காணிக்கைதான். அதற்காக ஆராதனையை விட்டுவிடாதீர்கள்.

திசையன்விளையில் இருந்து: எங்க தெருவுல ஒருத்தங்க நடத்துன கிறிஸ்துமஸ் சீட்டுல மாசம் 500 வீதம் பன்னெண்டு மாசம் கட்டினேன். இப்போ “அடுத்த வாரம், அடுத்த வாரம்”ங்காங்க. அடுத்த வருசத்துக்கு வேற எங்க போடலாம்?

பதில்: முதலில் கையில் இருப்பதைப் பத்திரப்படுத்துங்கள். சீட்டு அட்டையை இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். போன் வழியாக அனுப்பிய காசுக்கு வங்கிக் கணக்கு விவரம் எடுங்கள். உங்களோடு கட்டியவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பாக்கி என்று ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். “அட்டையைக் கொடுங்க, கணக்குப் பார்த்துத் தாரேன்” என்றால் அசலைக் கொடுக்காதீர்கள். தேதி போட்டு எழுதி வாங்கி, அந்தத் தேதியும் தவறினால் எல்லோருமாகச் சேர்ந்து காவல் நிலையத்திலோ பொருளாதாரக் குற்றப்பிரிவிலோ புகார் கொடுங்கள். பதிவில்லாமல் ஊராரிடம் பணம் திரட்டுவதற்கு எதிராக 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இருக்கிறது. ஆள் ஊரை விட்டுப் போகும்வரை காத்திருக்காதீர்கள்.

அடுத்த வருடத்துக்கு, ஜனவரி முதல் வாரமே வங்கியில் தொடர் வைப்பு தொடங்குங்கள். மாதம் 500, காலம் 11 மாதம் என்று எழுத உங்கள் வங்கியில் முடியுமா என்று கேளுங்கள். 12 மாதம் என்றால் காசு ஜனவரியில்தான் கைக்கு வரும், பண்டிகை முடிந்திருக்கும். 11 மாதத்தில் 5,500 ரூபாயும் வட்டியும் டிசம்பர் முதல் வாரம் உங்கள் கணக்கில் விழும். தபால் நிலையத் தொடர் வைப்பு நல்லதுதான், மாதம் 100 ரூபாயிலேயே தொடங்கலாம். ஆனால் அது 5 ஆண்டுத் திட்டம், 3 ஆண்டுக்கு முன்னால் முடிக்க முடியாது. கிறிஸ்துமஸ் காசை அதில் போடாதீர்கள், அதைப் பிள்ளையின் கல்லூரிக்கு வையுங்கள். தவணை தேதியாக 16ஐக் கொடுங்கள். உரிமைத்தொகை 15ஆம் தேதி ஏறுவதால், மறுநாளே வங்கி தானாக எடுத்துக்கொள்ளும்.