பார்க்காத நாளுக்குப் பூச்சியம் போடாதே

அன்புள்ள ஐயா,

கொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் போனில் பார்த்த ஒரு கண்டுபிடிப்போடு வருகிறார்கள். பென்னு சிறுகோளில் உயிரின் மூலப்பொருள்கள், புரதத்தின் வடிவத்தைச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு, காற்றிலிருந்து தண்ணீர் பிடிக்கும் படிகம், அறை வெப்பநிலையில் மின்தடையே இல்லாத மீக்கடத்தி. இந்தக் கடைசிச் செய்திக்குரியவர் நம் நாட்டில் பிறந்து கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்று ஒரு மாணவன் பெருமையோடு சுவரொட்டி செய்து ஒட்டினான். பிறகு அது பொய்த்துப்போனது. எதை நம்புவது, எதை விடுவது? கணினியே எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும் என்றால் பிள்ளைகள் ஏன் செய்முறை படிக்கவேண்டும்? நம்மிடமிருந்து ஏன் எதுவும் வருவதில்லை?

போன மாதம் ஸ்மார்ட் போர்ட் வைப்பதற்காக ஆய்வுகூடத்தைத் துப்புரவாக்கினோம். பழைய செய்முறைக் கொப்பிகள், மாதிரிப் போத்தல்கள், எந்தக் காலத்து ஆசிரியரோ எழுதிய மழைப் பதிவேடுகள் எல்லாவற்றையும் பழைய பேப்பர் எடுப்பவரிடம் கொடுத்துவிட்டோம். இப்போது இடமும் வசதியும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.

ஓர் ஆசிரியை, கொட்டாஞ்சேனை

*

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் கேள்விகள் நியாயமானவை. ஆனால் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே அந்தத் துப்புரவு வேலை, அதைப் படித்த பிறகு மற்றதில் மனம் நிற்கவில்லை. கோபம் வந்தது. நீங்கள் பிள்ளைகள்மீது அக்கறை உள்ளவர் என்பது வரிக்கு வரி தெரிகிறது. அதனால்தான் கோபம் கூடியது. அக்கறை இல்லாத ஒருவர் செய்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன்.

கொஞ்ச நாளாகவே ஓர் எலியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் கிடைத்தது. நோயெதிர்ப்புக் கலங்கள் நம் உடலையே தாக்கிவிடாமல் அவற்றை அடக்கிவைக்கும் இன்னொரு வகைக் கலங்களைப் பற்றிய ஆராய்ச்சி அது. செய்தி அந்த மட்டில் முடிந்துவிட்டது. விஷயம் தொடங்கியது 1940களில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜில். கதிர்வீச்சு உயிர்களை என்ன செய்யும் என்று பார்க்க அங்கே எலி வளர்த்தார்கள். அதில் சில ஆண் குட்டிகளுக்குத் தோல் செதில் செதிலாக உரிந்தது. மண்ணீரலும் நிணநீர்ச் சுரப்பிகளும் வீங்கின. சில வாரங்களில் செத்தன. கதிர்வீச்சால் வந்ததல்ல, தானாகத் தோன்றிய மரபு மாற்றம். ஏன் என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. டிஎன்ஏ எப்படி இருக்கும் என்பதே 1953இல்தான் தெரிந்தது.

இப்போது கவனியுங்கள். நோயுள்ள ஆண் குட்டி இனம் பெருக்கும் வயதுக்கு வராமலே செத்துவிடும். பழுது எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் பெண் எலி நோயில்லாமல் அதைச் சுமக்கும். ஆகவே அந்த வம்சம் அறுந்துபோகாமல் இருக்கவேண்டுமென்றால், எந்தப் பெண் எலி சுமக்கிறது என்று யாரோ ஒருவர் பார்த்துக் குறித்துவைத்து, இணை சேர்த்து, குட்டிகளைப் பிரித்து, மறுபடியும் குறித்துவைக்கவேண்டும். எலியின் தலைமுறை சில மாதங்கள். இதை அரை நூற்றாண்டு செய்தார்கள். எதற்குப் பயன்படும் என்று தெரியாமலே செய்தார்கள்.

1990களில் பிரங்கோவும் ராம்ஸ்டெல்லும் அந்த எலியை எடுத்தார்கள். பழுது இருக்கும் இடத்தை ஏறக்குறைய ஐந்து இலட்சம் எழுத்து நீளமுள்ள ஒரு டிஎன்ஏ துண்டுக்குள் ஒடுக்கினார்கள். அதற்குள் இருபது மரபணுக்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தார்கள். இருபதாவதில்தான் பழுது இருந்தது. 2001இல் வெளியிட்டார்கள். அதே மரபணு மனிதரில் பழுதானால் ஆண் குழந்தைகளுக்கு வரும் ஒரு கொடிய நோயின் காரணமும் அதோடு தெரிந்தது. சகாகுச்சி ஜப்பானில் 1995இல் காட்டியிருந்த அடக்கும் கலங்களை ஆள்வதும் இந்த மரபணுதான் என்பது 2003இல் உறுதியானது. இன்றைக்கு அந்தக் கலங்களை வைத்துப் புற்றுநோய்க்கும் உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கும் வழி தேடுகிறார்கள்.

எலிக்குத் தீனி போட்டுக் குறிப்பு எழுதியவர்களுக்கு நோபல் இல்லை. அது பரவாயில்லை. ஆனால் அவர்களில் ஒருவர், ஒரே ஒருவர், ‘இடம் போதவில்லை, இந்த நோஞ்சான் எலி எதற்கு’ என்று ஒருநாள் கூட்டைத் துப்புரவாக்கியிருந்தால் 2001 இல்லை, 2025 இல்லை. ரீச்சர், உங்கள் மழைப் பதிவேட்டை நான் எங்கே வைத்துப் பார்க்கிறேன் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

கணினிக் கேள்விக்கு அதிகம் எழுத ஒன்றுமில்லை. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் அல்பாஃபோல்டுக்காக 2024இல் டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜோன் ஜம்பருக்கும் இரசாயன நோபலில் பாதி கிடைத்தது. இருபது கோடிக்கு மேற்பட்ட வடிவங்களைக் கணித்துப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். பெரிய காரியம்தான். அது எதைப் பார்த்துப் படித்தது? 1971இல் வெறும் ஏழு புரதங்களோடு தொடங்கிய ஒரு பொதுக் களஞ்சியத்தைப் பார்த்து. அதிலிருக்கும் வடிவங்களில் பெரும்பாலானவை யாரோ படிகம் வளர்த்து, எக்ஸ் கதிர் பாய்ச்சி, கணக்குப் போட்டு எடுத்தவை. ஈமோகுளோபினின் வடிவத்தைக் காண மக்ஸ் பெருட்ஸுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. ஐம்பது வருடம் மனிதர்கள் அளந்து சேர்த்துவைக்காமல் இருந்திருந்தால் அந்தக் கணினிக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. பிள்ளைகள் ஏன் செய்முறை படிக்கவேண்டும் என்று இனிமேல் கேட்காதீர்கள்.

தண்ணீர் பிடிக்கும் படிகத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஒன்று மட்டும் வகுப்பில் சொல்லுங்கள். அந்தத் துறைக்கு 2025 இரசாயன நோபல் பெற்ற மூவரில் ஒருவரான ரிச்சர்ட் ரொப்சனுக்கு, அணுக்களையும் மூலக்கூறுகளையும் கோத்து இப்படிப்பட்ட படிகங்களைக் கட்டும் யோசனை தோன்றியது 1974இல், மெல்பேர்னில், மாணவர்களுக்கு அணுக்களைக் காட்ட மர உருண்டைகளில் எங்கே துளையிடுவது என்று குறித்துக்கொடுத்தபோது. படிப்பித்தலிலிருந்து வந்த நோபல்.

‘நம்மிடமிருந்து ஏன் எதுவும் வருவதில்லை’ என்ற புலம்பல் எனக்குப் பிடிக்காது. பென்னுவைப் பற்றிக் கேட்கும் பிள்ளைகளுக்குக் காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெருமவைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்களா? 1969 செப்டெம்பர் 28, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்ற ஊரில் ஒரு விண்கல் சிதறி விழுந்தது. அப்போது நாசாவில் இருந்த பொன்னம்பெருமவின் குழு அதில் அமினோ அமிலங்களைக் கண்டு 1970இல் அறிவித்தது. ஆராய்ந்தவர்களின் கையிலிருந்தே அது ஒட்டியிருக்கலாமே என்று எவரும் கேட்பார்கள். அமினோ அமிலங்களில் இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவம் உண்டு. பூமியில் உயிர்களின் புரதங்களில் இருப்பது இடக்கை. கல்லில் இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. கையால் தொட்டு வந்ததாக இருந்தால் அப்படி இருக்காது.

அந்தக் கல்லை வைத்திருந்தார்கள். 1997இல் அதே கல்லில், உயிர்களில் அரிதான சில அமினோ அமிலங்களில் மட்டும் இடக்கை கொஞ்சம் கூடுதல் என்று கண்டார்கள். 2020இல் அதே கல்லிலிருந்து எடுத்த துகள்களில் மிகப் பழையவற்றுக்கு வயது ஏறக்குறைய 700 கோடி ஆண்டு என்று அளந்தார்கள். நம் சூரியனுக்கு வயது 460 கோடிதான். ஒரே கல், ஐம்பது ஆண்டு, புதிது புதிதாகப் பதில். பென்னுவிலிருந்து 2023 செப்டெம்பரில் வந்திறங்கிய மண் 121.6 கிராம். உயிர்கள் புரதத்துக்குப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14ஐ அதில் கண்டதாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். இடக்கையும் வலக்கையும் இதிலும் சமம். பிள்ளைகளின் போனில் வந்தது இவ்வளவுதான். அந்த மண்ணில் குறைந்தது 70 சதவீதத்தை நாசா தொடாமல் வைத்திருக்கிறது என்பது வரவில்லை. இன்னும் பிறக்காதவர்கள், இன்னும் செய்யப்படாத கருவிகளால் பார்ப்பதற்காக வைத்திருக்கிறார்கள்.

சரி, மீக்கடத்தி. அந்தச் சுவரொட்டிக்குரிய ரங்க டயஸின் 2020ஆம் ஆண்டுக் கட்டுரையை நேச்சர் இதழ் 2022இல் மீளப்பெற்றது. 2023 மார்ச்சில் வந்த அடுத்த கட்டுரையும் அதே ஆண்டு நவம்பரில், கூட எழுதியவர்களில் பெரும்பாலானோர் கேட்டுக்கொண்டதால், மீளப்பெறப்பட்டது. அவர் வேலை செய்த ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் விசாரணை ஆய்வு முறைகேடு நடந்ததாக முடிவுசெய்தது. உங்கள் மாணவனின் வருத்தம் எனக்குப் புரிகிறது. அவனைக் கேலி செய்ய விடாதீர்கள். பிறந்த ஊரைப் பார்த்து எதையும் நம்பாதே என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். அந்தச் சர்ச்சையில் மற்ற பௌதிகவியலாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான். வரைபடத்தைக் காட்டாதே, கருவி தந்த மூல எண்களைக் காட்டு. எதை நம்புவது என்ற உங்கள் முதல் கேள்விக்கும் நான் இதையே சொல்வேன். மூல எண்கள் வெளியில் இருக்கின்றனவா, சம்பந்தமில்லாத இன்னொருவர் செய்தும் வந்ததா என்று பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டால் சுவரொட்டி ஒட்டுவதைத் தள்ளிப்போடுங்கள்.

மூல எண்கள் என்றால் எனக்கு எங்கள் மாஸ்டர் ஞாபகம்தான் வரும்.

நான் படித்ததும் கொழும்பில்தான். எங்கள் பாடசாலையின் மொட்டைமாடியில் ஒரு மழைமானி இருந்தது. செம்புப் புனல், உள்ளே போத்தல், பக்கத்தில் கோடு போட்ட கண்ணாடி அளவுச்சாடி. காலை எட்டரைக்கு முறைவைத்து ஒரு மாணவன் மேலே போய், தண்ணீரைச் சாடியில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து வாசித்து, கீழே வந்து பதிவேட்டில் எழுதவேண்டும். மழை இல்லாத நாளிலும் ஏறவேண்டும். ‘வெயில் எரிக்குது சேர், ஏன் ஏறவேணும்’ என்று கேட்டால் மாஸ்டர் சொல்வார்: பூச்சியம் என்றால் பார்த்தேன், இல்லை. வெற்றிடம் என்றால் பார்க்கவில்லை. இரண்டும் ஒன்றென்று நினைக்கிறவன் விஞ்ஞானம் படிக்கத் தேவையில்லை.

1983 ஜூலை 25, திங்கட்கிழமை. அதற்கு விளக்கம் தேவையில்லை. மாஸ்டரின் வீடு எரிந்தது. அவர் குடும்பத்தோடு முகாமில் இருந்தார். நாங்கள் ஆளுக்கொரு திசையில் போனோம். பாடசாலை மறுபடி தொடங்கியபோது வகுப்பில் பாதிப் பேர் இல்லை. பதிவேடு மட்டும் அலுமாரிக்குள் அப்படியே இருந்தது. ஜூலை 24க்குப் பிறகு வரிசையாக வெறும் கட்டங்கள். வகுப்பில் ஒருவன், நல்ல பிள்ளை, உதவி செய்கிற எண்ணத்தோடு கேட்டான். ‘அந்தக் கிழமை மழை பெய்த ஞாபகம் இல்லை சேர், பூச்சியம் போடட்டுமா?’

மாஸ்டர் கை ஓங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அடிக்கவில்லை. ‘நீ பார்த்தனியா? பார்க்காத நாளுக்குப் பூச்சியம் போடாதே’ என்றார். அடிமட்டத்தை வைத்து அந்தக் கட்டங்களுக்குக் குறுக்கே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்து ‘அளக்கவில்லை’ என்று எழுதினார். காரணம் எழுதவில்லை. அடுத்த கட்டத்தில் அன்றைய திகதியைப் போட்டு என்னை மாடிக்கு அனுப்பினார்.

அந்தப் பதிவேடு இன்று இல்லை. பல வருடம் கழித்து ஒரு கட்டட வேலை நடந்தபோது போய்விட்டது. யார் கொடுத்தார்கள், எங்கே போனது என்று விசாரித்துத் திரிந்தேன். கேட்டவர்களுக்கு நான் எதற்காகக் கேட்கிறேன் என்பதே விளங்கவில்லை.

இது பழசைக் கட்டிக்கொண்டு அழுகிற பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். அநுராதபுரம் மாவட்டத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோயைப் பாருங்கள். அது கவனத்துக்கு வந்தது 1990களில். சிறுநீரகம் பழுதாக ஆண்டுக்கணக்காகும். புளோரைட்டா, நீரின் கடினத்தன்மையா, விவசாய இரசாயனமா, வெயிலில் உடல் நீர் வற்றி உழைப்பதா, இல்லை எல்லாம் சேர்ந்தா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. கிளைபோசேட் என்ற களைகொல்லியை 2015இல் தடைசெய்தார்கள், பிறகு தளர்த்தினார்கள். இன்றைய கிணற்று நீரை எத்தனை நுட்பமான கருவியாலும் அளக்கலாம். நோய் தொடங்கியவர்கள் குடித்த 1980களின் தண்ணீரை அளக்க உலகத்தில் கருவி இல்லை. அந்தக் காலத்தில் அந்தப் பகுதிப் பாடசாலை ஒன்றில் உயர்தர மாணவன் ஒருவன் செய்முறைக்காகக் கிணற்று நீரின் கடினத்தன்மையைப் பார்த்து, திகதியும் கிணறும் எழுதிய ஒரு கொப்பி எங்காவது அலுமாரியில் கிடந்தால் அது என்ன பெறும் என்று சொல்லுங்கள். நம்மிடமிருந்து வரக்கூடியது இப்படிப்பட்டது. ஸ்மார்ட் போர்ட் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அதற்குச் சுவர் போதும். அலுமாரியை ஏன் காலியாக்கினீர்கள்?

பேப்பர் எடுப்பவர் உங்கள் பகுதிக்கு வழமையாக வருகிறவராகத்தான் இருப்பார். எந்தக் கடைக்குக் கொடுப்பார் என்று கேளுங்கள். தடித்த அட்டை போட்ட பதிவேடுகளைச் சில கடைகளில் தனியாக ஒதுக்கிவைப்பார்கள், போன மாதத்தது இன்னும் அரைக்கப் போகாமலும் இருக்கலாம். சுவரொட்டி செய்த அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாதிரிப் போத்தல்களில் ஏதாவது மிஞ்சியிருந்தால் எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று தெரிந்தவரை எழுதி ஒட்டுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். அப்புறம், மாடியில் மழைமானி இருக்கிறதா என்று பாருங்கள். புனல் நெளிந்திருந்தால் வாய் வட்டமாக இருக்காது, அளவு பிழைக்கும், மாற்றவேண்டும். அதற்கு ஆகும் செலவை நான் தருகிறேன்.

பதிவேடு கிடைத்தால் முதல் பக்கத்தில் எந்த ஆண்டு இருக்கிறது என்று எழுதுங்கள். கிடைக்காவிட்டாலும் எழுதுங்கள்.

அன்புடன்.