சொத்தும் சட்டமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: திருப்பூரில் பணிபுரியும் நான், முதலீடாகக் கருதி, கும்பகோணத்தை அடுத்த கிராமத்தில் 6 மா நஞ்சை வாங்க முன்பணம் கொடுக்கவிருக்கிறேன். 30 ஆண்டுகளுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் எதுவும் இல்லை. பட்டாவும் விற்பவர் பெயரிலேயே இருக்கிறது. இவை போதுமா?

பதில்: போதாது. பதிவான பரிமாற்றங்களை மட்டுமே வில்லங்கச் சான்று காட்டும். வாய்மொழிக் குத்தகையோ, பதிவாகாத உயிலோ, அசல் பத்திரத்தை ஒப்படைத்துப் பதிவில்லாமல் வாங்கிய கடனோ அதில் வராது. பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. அது மட்டுமே உரிமையை நிலைநாட்டிவிடாது. மூலப் பத்திரம் தொடங்கி வரிசையாக எல்லாவற்றையும் அசலாகவே பார்த்துவிடுங்கள்.

டெல்டா நஞ்சையைப் பொறுத்தவரை, நான் முதலில் விசாரிக்கச் சொல்வது குத்தகையைத்தான். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, தம் உழைப்பால் சாகுபடி செய்யும் குத்தகைதாரரை உடைமையாளர் தாமாக இறக்கிவிட முடியாது. குத்தகை பாக்கி போன்ற குறிப்பிட்ட காரணங்களைக் காட்டி வருவாய் நீதிமன்றத்துக்குத்தான் செல்ல வேண்டும். நிலம் கைமாறுவதால் அவருடைய உரிமை அற்றுப்போவதில்லை. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பேணப்படும் குத்தகை உரிமைப் பதிவேட்டில் அந்தப் புல எண் இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள், யார் என்ன சாகுபடி செய்கிறார் என்று காட்டும் கிராமக் கணக்கான அடங்கலையும் பாருங்கள். பிறகு நடவு நடக்கும் நாளொன்றில் வயலுக்கே போய், மடை திறப்பவர் யார், நடவாட்களுக்குக் கூலி கொடுப்பவர் யார் என்று பக்கத்து வயல்காரரிடம் விசாரியுங்கள். “அவர் நம்ம ஆள்தான், சொன்னால் விட்டுவிடுவார்” என்று விற்பவர் சொல்வாரானால், அந்த நம்ம ஆளுக்கும் விற்பவருக்கும் இடையிலான கணக்கு தீரும்வரை முன்பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

கோயில் நிலம் அடுத்தது. கிராமத்தின் நிலங்களைப் புல எண் வாரியாகக் காட்டும் ‘அ’ பதிவேட்டில் தேவஸ்தானத்தின் பெயர் இருந்தால் அங்கேயே நின்றுவிடுவது நல்லது. அறநிலையத் துறை ஆணையரின் முன் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்றால், 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி அந்த விற்பனை செல்லாது. அடிமனை வாடகை கட்டி வீடு வைத்திருப்பவர் விற்கும்போதும் மண் கோயிலுடையதுதான்.

இன்னொன்று: 100 குழி கொண்ட மா ஏறத்தாழ 33 சென்ட். பேச்சு மாவில் நடக்கும். பதிவேடுகளில் ஹெக்டேரும் ‘ஏர்’ என்ற மெட்ரிக் அளவுமாக இருக்கும். நில அளவரைக் கொண்டு அளக்காமல் விலை முடிக்காதீர்கள்.

கேள்வி: தஞ்சாவூர் புறவழிச்சாலைக்கு அருகே வயலை நிரவி 60 மனைகள் போட்டிருக்கிறார்கள். “பஞ்சாயத்து அப்ரூவல் உண்டு” என்கிறார் தரகர். வாங்கலாமா?

பதில்: ஊராட்சித் தலைவரின் முத்திரை மட்டும் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் ஆகாது. நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபியின் ஒப்புதல் எண்ணையும், 60 மனைகள் என்பதால் மனை வணிக ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் பதிவெண்ணையும் கேளுங்கள். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடை விதிக்கிறது. இத்தகைய மனைகளை முறைப்படுத்த 2017இல் வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20க்கு முந்தைய மனைகளுக்கானது.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தாலும், நில அளவைத் துறையின் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தைச் சுற்றி வாருங்கள். படத்தில் வாய்க்கால் என்றிருப்பது இடத்தில் 30 அடிச் சாலையாக இருந்தால், அந்தச் சாலை புறம்போக்கில் கிடக்கிறது என்று பொருள். மேலே உள்ள வயல்களின் வடிகால் அதுவாக இருந்தால், ஐப்பசி மழையில் தண்ணீர் உங்கள் மனையில்தான் தேங்கும். என்னிடம் கேட்டால், இத்தகைய மனையைக் கோடையில் போய்ப் பார்த்து முடிவு செய்யவே கூடாது.

கேள்வி: மயிலாடுதுறையில் ஒரு வீட்டை, சிங்கப்பூரில் குடியிருக்கும் உரிமையாளரின் பவர் ஏஜென்டிடம் வாங்குகிறோம். கவனிக்க வேண்டியவை யாவை?

பதில்: பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக பவரும் முடிந்துவிடும், ஆகவே அவருடைய உயிர்வாழ் சான்றைக் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் நேரிலோ காணொளியிலோ பேசிவிடுங்கள். வெளிநாட்டில் எழுதிய பவர், இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டி முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். கிரையத் தொகையை ஏஜென்டிடம் கொடுக்காமல் உரிமையாளரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். அவர் வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவராக இருப்பின், தொகையிலிருந்து வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்கும் உங்களுடையது. உள்நாட்டவரிடம் வாங்கும்போது உள்ள 50 லட்ச ரூபாய் வரம்பு இதற்குப் பொருந்தாது என்பதால், பத்திரம் எழுதுமுன் ஒரு தணிக்கையாளரைப் பார்த்துவிடுங்கள்.