ஒன்பது பேருக்கு ஒரே பாஸ்வேர்ட்: சேர்வர் கேள்வி-பதில்

கொட்டாஞ்சேனையில் அச்சகம் நடத்துகிறோம். வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த எஃப்டிபி (இணையம் வழியாக ஃபைல்களை ஏற்றி இறக்கும் முறை) சேர்வரில் ஒன்பது பேரும் ஒரே கணக்கால்தான் நுழைகிறோம். போன வெள்ளி ஒரு கல்யாணக் கார்ட் ஃபோல்டர் காணாமல் போய்விட்டது. யார் அழித்தார் என்று லொக்கில் (சேர்வர் எழுதிவைக்கும் பதிவேட்டில்) பார்க்க முடியுமா?

முடியாது. கணக்கின் பெயர் அங்கே இருக்கும், ஆனால் அந்தப் பெயர் ஒன்பது பேருக்கும் பொது. ஐபி முகவரியும் உதவாது. ஒரே ரவுட்டர் வழியாகப் போகிறவர்கள் எல்லாரும் வெளியே ஒரே முகவரியாகத்தான் தெரிவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் வைத்திருப்பது விஎஸ்எஃப்டிபிடி என்ற எஃப்டிபி சேர்வர் மென்பொருள். அது இரண்டு வடிவத்தில் லொக் எழுதும். பழைய பொது வடிவத்தில் ஏற்றியதும் இறக்கியதும் மட்டுமே பதிவாகும், அழித்தது பதிவாகாது. ரெட் ஹெட் குடும்ப லினக்ஸில் இந்தப் பொது வடிவம்தான் முதலிலேயே போடப்பட்டு வருகிறது. அதை நிறுத்தி விஎஸ்எஃப்டிபிடியின் சொந்த வடிவத்துக்கு மாற்றுங்கள். அடுத்த முறை அழித்தவர் கணக்கு, ஃபைல் பெயர், நேரம் மூன்றும் கிடைக்கும்.

அதற்கு முன் ஒன்பது கணக்குகள் திறக்க வேண்டும். அப்போது ஒருவர் வைத்த ஃபைலில் மற்றவர் கைவைக்க முடியவில்லை என்று சண்டை வரும். எல்லாரையும் ஒரு குழுவில் போட்டு, உமாஸ்க்கை (புதிய ஃபைலில் யாருக்கு என்ன அனுமதி என்று தீர்மானிக்கும் எண்ணை) 002 ஆக்கி, பொது ஃபோல்டரில் புதிதாக வருவதெல்லாம் அந்தக் குழுவுக்கே சேரும்படி செய்தால் சரி. அந்த ஃபோல்டருக்கு ஸ்டிக்கி பிட் என்ற அனுமதி அடையாளத்தையும் போட்டுவிட்டால், குழுவில் ஒருவர் வைத்த ஃபைலை இன்னொருவர் அழிக்க முடியாது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது.

முடிந்தால் எஸ்எஃப்டிபிக்கு (எல்லாவற்றையும் மறைகுறியாக்கி அனுப்பும் முறைக்கு) மாறுங்கள். சாதாரண எஃப்டிபியின் விதிமுறை 1985இல் எழுதப்பட்டது. பாஸ்வேர்ட் மூடாத தபாலட்டை மாதிரித்தான் போகிறது.

வெள்ளவத்தையில் கணக்காய்வு அலுவலகம். வேலையை விட்டுப் போன ஒருவரின் பாஸ்வேர்டைப் பூட்டிவிட்டேன். ஆனாலும் அவர் எஸ்எஃப்டிபியில் நுழைந்ததாக லொக் சொல்கிறது!

பூட்டியது பாஸ்வேர்டை மட்டும். அவருடைய எஸ்எஸ்எச் சாவி (பாஸ்வேர்டுக்குப் பதிலாக நுழைய விடும் டிஜிட்டல் சாவி) சேர்வரில் அப்படியே கிடக்கிறது. முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலை மறந்த கதை. சாவியை நீக்கி, கணக்கின் காலாவதித் தேதியையும் கடந்துபோன ஒரு நாளாக வையுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு இதனால் அறுந்துவிடாது. அதைத் தனியே நிறுத்த வேண்டும். கணக்கை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். சேர்வர் அந்தக் கணக்குக்குக் கொடுத்த எண் பின்னால் ஒரு புதிய ஆளுக்குப் போனால், பழைய ஆளின் ஃபைல்களும் அவருக்கே சொந்தமாகிவிடும்.

இரவில் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கு) என்ற பெயரில் நூற்றுக்கணக்கான தோல்வி முயற்சிகள். யாரோ எங்களைக் குறிவைக்கிறார்களா?

இல்லை, தெருவில் போகிற ரோபோக்கள் (தானாக ஓடும் நிரல்கள்) எல்லா கேற்றையும் தட்டிப் பார்க்கின்றன. பாஸ்வேர்ட் நுழைவை நிறுத்திச் சாவி மட்டும் வையுங்கள். தோல்விகளை எண்ணிக்கொண்டிருக்காமல் வெற்றி வரிகளைப் பாருங்கள்.

லொக்கை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

டெபியன் என்ற லினக்ஸ் வகையில் பெரும்பாலும் நான்கு வாரத்தில் பழையது போய்விடும், அது போதாது. வாடிக்கையாளர் மூன்று மாதம் கழித்துத்தான் கேட்பார். சிறிய அலுவலகத்துக்கு ஆறு மாதம் போதும் என்பது என் கணக்கு. அதில் ஆட்களின் பெயரும் ஐபி முகவரியும் இருப்பதால், இலங்கையில் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தையும் மறக்க வேண்டாம்: தேவைக்கு மேல் சேர்த்துவைக்கக் கூடாது. அப்புறம், ஒரு பிரதி வேறு கணினியில் இருக்கட்டும். சேர்வருக்குள் புகுந்தவன் முதலில் அழிப்பது லொக்கைத்தான்.

எங்கள் ஊழியர் அதிகாலை 3.40க்கு நுழைந்திருக்கிறார். விளக்கம் கேட்டோம், மறுக்கிறார்.

சேர்வரின் கடிகாரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுங்கள்: காலை 9.10. மனிதர் வேலைக்கு வந்து கணினியைத் திறந்திருக்கிறார். அவருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுங்கள்.