நடு வலி, சயாட்டிகா, யோகா: கேள்வி பதில்

நாகர்கோவிலில் யோகா சொல்லிக் கொடுக்கிறேன், படித்தது பிசியோதெரபி. நடு என்றால் எங்கள் பக்கத்தில் இடுப்பு. சயாட்டிகா என்றால் இடுப்பில் நரம்பு நசுங்கி வலி காலுக்கு இறங்குவது. கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். ஸ்கேன் படம் அனுப்ப வேண்டாம். வலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதுங்கள். சிறுநீர் போகாமல் கட்டிக்கொண்டாலோ, தொடையிடுக்கு மரத்துப் போனாலோ இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போங்கள்.

குலசேகரம்: ரப்பர் பால்வெட்டு வேலை. இடது புட்டத்திலிருந்து கணுக்கால் வரை கரண்ட் அடிக்கிறது. எல்4-எல்5 டிஸ்க் (இடுப்பில் 4, 5-ஆம் முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை) பிதுக்கம் என்றார்கள். சூரிய நமஸ்காரம் செய்யலாமா சார்?

இப்போது வேண்டாம். அதில் இரண்டு முறை குனிய வேண்டும். குனியும்போது டிஸ்க்கின் உள்ளிருக்கும் கூழ் பின்பக்கமாக, அதாவது நரம்பு இருக்கிற பக்கமாக, தள்ளப்படுகிறது. முதலில் மகராசனம்: குப்புறப் படுத்து இரண்டு மூன்று நிமிடம் மூச்சை மட்டும் கவனியுங்கள். அப்புறம் முழங்கைகளை ஊன்றி நெஞ்சைத் தூக்குங்கள். இடுப்பு பாயை விட்டு எழும்பக் கூடாது. கணுக்கால் வலி தொடைக்கும், தொடை வலி இடுப்புக்கும் ஏறினால் நல்ல அறிகுறி. இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. வலி கீழே இறங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இது பழகிய பிறகு புஜங்காசனம் (கைகளை ஊன்றி உடம்பைப் பாம்பு போலப் பின்னால் வளைப்பது), ஒற்றைக் கால் சலபாசனம் (குப்புறப் படுத்து ஒரு காலை மட்டும் தூக்குவது).

இன்னொன்று. இரவில் டிஸ்க் நீர் ஊறி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவதுதான் மோசம். உங்கள் வேலையோ விடியும் முன்னே தொடங்குகிறது. அடிப்பட்டையை வெட்டும்போது இடுப்பை மடக்காமல் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுங்கள். பாலை ஒரே வாளியில் நிறைக்காமல் இரண்டு கைக்கும் பிரித்துத் தூக்குங்கள்.

குளச்சல்: அப்பாவுக்கு 68. நடந்தால் இரண்டு காலும் கடுக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிறது. புஜங்காசனம்?

வேண்டாம். தண்டுவடம் போகும் வழி சுருங்கியிருக்கலாம். பின்னால் வளைந்தால் இன்னும் சுருங்கும். மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கட்டும். கால் ரத்த ஓட்டத்தையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

தக்கலை: எத்தனை நாளில் சரியாகும்?

பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் நன்றாகக் குறையும்.

மார்த்தாண்டம்: மச்சானுக்குக் கால் இழுப்பு. வர்ம வைத்தியம் செய்யும் ஆசான் எண்ணெய் போட்டுத் தடவினால் தீர்ந்துவிடும். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று உடம்பின் வர்மப் புள்ளிகள் எல்லாம் தெரிந்தவரை விட்டுவிட்டுப் பாய் விரிக்கச் சொல்கிறீர்களே?

ஆசான்மாரைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிதுங்கிய டிஸ்க்கைத் தடவி யாரும் உள்ளே தள்ள முடியாது. பலருக்குப் பிதுக்கம் தானாகவே சுருங்கும். அந்தச் சமயத்தில் யார் கை வைத்தாலும் பெயர் அவருக்குத்தான். யோகா ஆசிரியருக்கும் இது பொருந்தும்.

மார்த்தாண்டம்: அப்போ இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. நாள்பட்ட இடுப்பு வலிக்கு யோகாவைப் பரிந்துரைக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் அமைப்பு ஒன்றின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. புதிதாக வந்த வலிக்கு மசாஜும் அதே வழிகாட்டுதலில் உண்டு, உங்களுக்கு ஒரு புள்ளி. ஆனால் அந்த வழிகாட்டுதல் பெரும்பாலும் காலுக்கு இறங்காத வலியைப் பற்றியது. நரம்பு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, மச்சானைக் குதிகாலில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். பாதம் தொங்குகிறதா?

கருங்கல்: எங்க ஆசான் மிதித்தே உழிச்சல் (மசாஜ்) செய்வார். அதுவும் தப்பா?

நரம்பு நசுங்கியிருக்கும்போது முதுகில் ஏறி மிதிப்பது தப்பு. சந்தேகமே வேண்டாம்.

கருங்கல்: எத்தனையோ பேருக்குக் குணமாயிருக்கிறது.

குணமாகாதவர்கள் ஆசானிடம் திரும்பப் போவதில்லை. அவர்களை நான் பார்க்கிறேன்.

மார்த்தாண்டம்: நடந்தான். பாதம் தொங்கவில்லை.

சரி. அப்போ மெதுவாகத் தடவட்டும். மிதிக்கவோ, வெடுக்கென்று முறுக்கவோ விடாதீர்கள்.

இரணியல்: எத்தனை நாளில் குணமாகும் சார்?

மேலே இருக்கிறது.

திங்கள்சந்தை: ஏழு மாதக் கர்ப்பம், கால் வலி.

குப்புறப் படுக்கும் ஆசனம் எதுவும் கூடாது. உங்கள் மகப்பேறு டாக்டரிடம் கேளுங்கள்மா.

கொட்டாரம்: கால் நீட்டி உட்கார்ந்து குனியும் பச்சிமோத்தானாசனத்தில் நெற்றி முழங்காலைத் தொட்டால் நரம்பு விடுபடும் என்று யூடியூப்பில்...

குனியாதீர்கள் என்று குலசேகரத்துக்கு எழுதியதைப் படியுங்கள். இதற்கு இனி பதில் கிடையாது.

ஆரல்வாய்மொழி: பைக்கில் ஒரு மணி நேரம் போனால் வலது காலில் மட்டும் மரத்துப் போகிறது. ஸ்கேன் நார்மல்.

வலது பின் பாக்கெட்டில் பர்ஸ் வைப்பீர்களா? இரண்டு வாரம் சட்டைப் பையில் வைத்துப் பாருங்கள். ஆசனம் எதுவும் இப்போது வேண்டாம்.